தம்பியின் படத்தில் மாலை

லண்டனிலிருந்து கப்பலும் ரயிலும் மாறி வந்து, பாரிஸின் லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள பலசரக்குக் கடைக்குள் நுழைகிறேன். கல்லாவுக்கு மேலே சட்டம் போட்ட படத்தில் என் தம்பி சிரிக்கிறான். அதில் பிளாஸ்டிக் மாலை தொங்குகிறது. பக்கத்தில் ஊதுவத்தி புகைகிறது.

போன வருஷம் வவுனியாவில் பஸ்ஸை மறித்து இராணுவம் அவனை முகாமுக்குக் கொண்டுபோனது. அந்த முகாமிலிருந்து வெளியே வந்த சிலர் பாரிஸில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, இந்தக் கடையில் ஒட்டுவதற்காக இந்தப் படத்தைத் தபாலில் அனுப்பினேன். கீழே ‘இவரைக் கண்டீர்களா?’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியைச் சட்டம் மறைத்துவிட்டது.

“ஏன் மாலை போட்டனீங்கள்?” என்று கேட்கிறேன். கடைகளில் மிச்சக் காசு கேட்கவே கூசுகிறவன் நான். இப்போது கத்துகிறேன்.

கடைக்காரர் திகைக்கிறார். “மரியாதைக்குத்தான் அண்ணை. சும்மா ஒட்டிவிட மனம் வரேல்லை.”

“அவன் செத்ததெண்டு ஆர் சொன்னது?”

“ஆமி பிடிச்சால் பிறகென்ன அண்ணை? போன கிழமை மன்னார் ஆள் ஒருத்தரும் இதிலை நிண்டு அழுதவர். முகாமிலை தனக்குப் பக்கத்திலை படுத்தவனாம். தன்னை வெளியிலை விடேக்கை உயிரோடை இருந்தவன், செத்துப்போனானோ எண்டு கேட்டவர்.”

“நீங்கள் என்ன சொன்னியள்?”

“ஓம் எண்டன்.”

“அந்த ஆளின்ரை பேர்? இருக்கிற இடம்?”

“கேக்கேல்லை அண்ணை.”

மாலையை அறுத்து அவர் முன்னால் எறிகிறேன். படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, எழுதிய வரி தெரியும்படி கதவுக் கண்ணாடியில் நானே ஒட்டுகிறேன். பிறகு வாசலோரம் அரிசி மூட்டையில் உட்கார்கிறேன். அந்த மன்னார் ஆள் வரும்வரை எழும்பப் போவதில்லை.