ஏழாம் நம்பர் காரும் உப்புத் தண்ணீரும்

என் கணவருக்குத் தன் கையைப் பற்றி ஒரு திமிர் உண்டு. எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே டிராப்ட்ஸ்மேன். பேனாவில் மை தொட்டு ஒரு கோடு இழுத்தால், தொடங்கிய இடத்திலும் முடிகிற இடத்திலும் ஒரே கனம் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். வீட்டிலும் அதே கண்தான். நான் காலண்டரைச் சுவரில் மாட்டினால், தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒரு நூல் சாஞ்சு கெடக்கு ஏளா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்தவளுக்கு காலண்டர் சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன. ஆனால் அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

அந்தக் கைதான் நசுங்கியது. அளவெடுக்கப் போன இடத்தில், கல் ஏற்றி வந்த லாரியின் பின்பலகை கொக்கி கழன்று விழுந்து, வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் அடியில் மாட்டிக்கொண்டன. எலும்பு கூடியது. மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் டம்ளரைப் பிடித்தால் காப்பி தளும்பியது. "கையைச் சும்மா வைக்காதீங்க. அரிசியில கல்லு பொறுக்குங்க, ஊசியில நூலு கோத்துப் பாருங்க" என்றார் டாக்டர். கல் பொறுக்கவா, இவரா? முறத்தை அவர் முன்னால் வைத்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

என் தம்பி கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தான். கப்பல் வந்தால் முதலில் ஏறுகிறவர்களில் அவனும் ஒருவன். ஒரு நாள் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். "அத்தான், கப்பல்ல ஒரு இஞ்சினியர் குடுத்தாரு. பொம்மைக் காரு. துண்டு துண்டா இருக்கு, நாமதான் சேக்கணும். எனக்கு அதுக்கெல்லாம் பொறுமை ஏது?" என்றான். பெட்டிமேல் பச்சை நிறப் பந்தயக் கார் ஒன்று படத்தில் பறந்துகொண்டிருந்தது. உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் துண்டுகள். செய்முறைத் தாளில் இருந்த எழுத்து எங்கள் யாருக்கும் தெரியாத ஏதோ பாஷை. படங்களே போதும் என்று இவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விபத்துக்குப் பிறகு அவர் தானாகக் கை நீட்டி வாங்கிய முதல் பொருள் அதுதான்.

கார் மெல்ல மெல்ல உருவாயிற்று. சக்கரம் வந்தது, ஸ்டியரிங் வந்தது, தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றிப் பச்சை பெயின்டும் அடித்தாயிற்று. கை நடுங்கத்தான் செய்தது. இடது கையை அடியில் அண்டை கொடுத்துச் சமாளித்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கடைசியில் மிஞ்சியது ஒட்டுப்படங்கள். கதவுகளுக்கு வெள்ளை வட்டத்தில் ஏழு என்ற எண், முன்பக்க பானெட்டுக்கு இரண்டு வெள்ளைப் பட்டை, இன்னும் சில பொடி எழுத்துகள். எல்லாம் வெங்காயத் தோலைவிட மெல்லியதாக ஒரு நீலத்தாளின் மேல் படிந்திருந்தன. தாளை வெட்டித் தண்ணீரில் போட்டால் படம் இளகும், விரலால் தள்ளி இறக்க வேண்டும். செய்முறைத் தாளில் அதற்கு ஒரு கிண்ணமும் உள்ளே அலைபோல இரண்டு கோடும் போட்டிருந்தது. எந்தத் தண்ணீர் என்று போடவில்லை.

அங்கேதான் அவர் வினையை இழுத்துக்கொண்டார். "இந்த நம்பர் நேரா ஒட்டிச்சுன்னா திங்கக்கெழம போயி டிராயிங் போர்டு முன்னால நிக்கேன். ஒட்டலேன்னா கேட் பாஸ் செக்சனுக்கு எழுதிக் குடுத்துருதேன்" என்றார். ஆபீசில் யாரும் அவரை விரட்டவில்லை. கை சரியாகட்டும், அதுவரை இடம் இருக்கும், முடியாவிட்டால் கேட்டில் பாஸ் எழுதுகிற வேலை தருகிறோம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். "பொம்மைக்கும் ஆபீசுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டேன். "இது முடியலேன்னா அது எப்பிடி ஏளா முடியும்?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது நாங்கள் இருந்த வீட்டில் இரண்டு தண்ணீர். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரிசையில் நின்று பிடிக்கிற நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும். குளிக்க, துவைக்க, பாத்திரம் விளக்க, வாய் கொப்பளிக்க எல்லாம் கிணற்று உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் கை கழுவினவனைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். பொம்மைக் காருக்கு நல்ல தண்ணீர் எடுக்க வேண்டும் என்று எங்கள் யார் புத்திக்கும் எட்டியிருக்காது. அவர் வழக்கம்போல வாளியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டுகொண்டு வந்தார்.

முதல் பட்டை தாளைவிட்டு இறங்கவே இல்லை. பெருவிரலால் தள்ளினார், இன்னும் ஊற வைத்தார், மறுபடி தள்ளினார். திடீரென்று பாதி வந்து பாதி கிழிந்தது. இரண்டாவது பட்டை எப்படியோ இறங்கிக் காரில் உட்கார்ந்தது. வேட்டி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு, "பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு, அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மிச்சம் இருந்தவையும் அந்த வாரம் முழுக்க அப்படியே போயின. பொடி எழுத்துகள் சுருண்டு விரலில் ஒட்டிக்கொண்டன. "சோத்துப் பசை தடவி ஒட்டுங்க, நோட்டு அட்டையெல்லாம் அப்பிடித்தான ஒட்டுதோம்" என்று நான் யோசனை சொல்லப் போக, அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழாம் எண்ணை இடது கதவில் ஒட்டிய அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டினார். காய்ந்ததும் அதுவும் வெளுத்து, விரிசல் விட்டுக் கோணிக்கொண்டது. வலது கதவுக்கான ஏழு மட்டும் தாளில் மிச்சம் இருந்தது. அதை அவர் தொடவில்லை.

"கை போச்சு ஏளா" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்க் கேட் பாஸ் செக்சனுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் டிராயிங் பேனாக்களைத் துடைத்து, துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். அன்றைக்கு வைத்த மீன்குழம்பை நாங்கள் இரண்டு பேருமே சரியாகத் தொடவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, அலமாரித் தட்டெல்லாம் நனைந்துவிட்டது. காரையும் அந்த நீலத்தாளையும் எடுத்து வைக்கப் போனேன். தாளை எடுத்தால், ஏழாம் எண் என் விரலோடு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நான் தள்ளவே இல்லை. எண்ணெய் தடவினதுபோல அதுவாக நகர்ந்தது.

"ஏங்க, இங்கன வாங்க" என்று கத்தினேன்.

வந்தவர் தாளைப் பார்த்தார். தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் முதலில் செய்கிற காரியம் அதுதான். "இதுல உப்பில்ல ஏளா, மழைத் தண்ணி" என்றார். பிறகு உட்கார்ந்து, காரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, அந்த நசுங்கின இரண்டு விரலாலேயே ஏழாம் எண்ணைத் தாளிலிருந்து வலது கதவுக்கு நகர்த்தினார். விரல் நடுங்கியது, ஆனால் எண் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நூல்கூடச் சாயவில்லை.

"கை நல்லாத்தான் இருந்துருக்கு ஏளா" என்றார். அப்போதுதான் அழுதார். எனக்கு அந்தக் கிணற்றின் மேலும், எழுத்துப் புரியாத அந்தத் தாளின் மேலும், அவசரப்பட்ட இந்த மனுசன் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

திங்கட்கிழமை நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தேன். அவருடைய போர்டில் வேறொருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். அதிகாரி நல்ல மனிதர்தான். "நீர்தானவே கை சரியில்லன்னு எழுதிக் குடுத்தீரு? இப்ப இவர எங்கன அனுப்ப?" என்றாராம். உப்புத் தண்ணீரும் பொம்மைக் காரும் என்று ஆபீசில் போய் எதைச் சொல்வது? வீட்டுக்கு வந்து சொன்னபோது அவரே லேசாகச் சிரித்தார்.

ஓய்வு பெறும்வரை கேட்டில்தான் இருந்தார். பாஸில் லாரி நம்பரை அவர் எழுதினால் அச்சடித்ததுபோல இருக்கும் என்று டிரைவர்கள் சொல்வார்களாம். டிரங்குப் பெட்டியில் சுற்றி வைத்த பேனாக்களை அவர் பிறகு எடுக்கவில்லை.

காரை மட்டும் அலமாரியிலேயே வைத்திருந்தார். அதன் இடது கதவு வெளுத்து, விரிந்து, பார்க்கச் சகிக்காது. வலது கதவில் ஏழு இன்னும் பளிச்சென்று இருக்கும். வருகிறவர்களுக்கு நல்ல பக்கம் தெரியட்டும் என்று ஒவ்வொரு தடவையும் நான் திருப்பி வைப்பேன். அவர் எழுந்து போய், நல்ல பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிட்டு வருவார். கெட்டுப்போன பக்கத்தை எத்தனை நேரம் வேண்டுமானாலும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. இப்போது அவர் இல்லை. தூசி தட்டி முடித்ததும் நானும் அப்படியேதான் வைக்கிறேன்.