போளூர் வருவதற்குள் வந்த மிஸ்டு கால்

என் வீட்டுக்காரர் தனியார் பஸ் ஓட்டுகிறார். திருவண்ணாமலையில் காலை பத்து பத்துக்கு எடுத்தால் வேங்கிக்கால், கலசப்பாக்கம், போளூர் வழியாக வேலூர். திரும்பி வீடு வந்து சேர மூன்று மணி ஆகும். கல்யாணமான இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் அவர் பஸ்ஸில் ஏறியது நான்கைந்து தடவைதான் இருக்கும். எதிரே லாரி வந்தால் என் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். "பஸ்ஸ நீ ஓட்டறியா, நான் ஓட்டறனா?" என்று ஒருமுறை எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். அதிலிருந்து எங்கே போவதானாலும் எனக்கு அரசு பஸ்தான்.

ஏறவில்லையே தவிர, வீட்டில் இருந்தபடியே தினமும் அவரோடு வேலூர் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு பௌர்ணமியன்று, கிரிவலக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது. மூன்று மணிக்கு வரவேண்டியவர் ஆறு மணி வரை வரவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, டைம் கீப்பரிடம் அழுது, ஓனர் வீட்டுக்கே போன் போட்டு, ஊரைக் கூட்டிவிட்டேன். மறுநாள் மற்ற டிரைவர்கள் அவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்களாம். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. போளூர் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். வேலூர் சேர்ந்ததும் ஒன்று. ஒரே மணி, நான் எடுக்கக் கூடாது. நல்லபடியாகச் சேர்ந்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

போளூர் மிஸ்டு கால் பதினொன்று ஐந்துக்கு வர வேண்டும். பதினொன்று பத்தானால் போனைக் கையில் எடுத்துக்கொள்வேன். பதினொன்றேகால் ஆனால் குழம்பு அடிபிடிப்பதுகூடத் தெரியாது. ஒருநாள் அவர் மறந்துபோனார். வந்தவருக்குச் சோறு போடாமல் சண்டை பிடித்தேன். "ஒரு மணி அடிக்க எவ்ளோ நேரம் ஆவும்? அதுக்குக்கூட முடியாத அளவுக்கு அப்படி இன்னா வேல?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் மறந்ததே இல்லை. டிரைவரை வழிக்குக் கொண்டுவந்த என் சாமர்த்தியத்தை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன தை மாதம் போளூரில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. வேங்கிக்கால் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். அரசு பஸ் வருவதாகத் தெரியவில்லை, அவர் பஸ்தான், அதுவும் கால் மணி நேரம் லேட்டாக, வந்து நின்றது. நேரமாகிவிட்டதே என்று பின்படியில் ஏறிவிட்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"அண்ணி, முன்னாடி வாங்க. அண்ணங்கிட்ட சொல்றேன்."

"வேணாம்பா. நான் இருக்கறது தெரிஞ்சா அவருக்குக் கை ஓடாது."

நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கலசப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். என் கைப்பைக்குள் போன் ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தேன், அவர் நம்பர்.

அப்பாடா, போளூர் சேர்ந்துவிட்டார் என்றுதான் பழக்கத்தில் முதலில் நினைத்தேன். மறுநொடி உறைத்தது. நானும் அதே பஸ்ஸில்தான் நிற்கிறேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே கரும்புத் தோட்டம். போளூருக்கு இன்னும் கால் மணி நேரமாவது இருக்கிறது.

எட்டி முன்னால் பார்த்தேன். அவருடைய இடது கை, சாமி படத்துக்குப் பக்கத்தில் போனைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தது. தலை குனிந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. பிரேக் போட்டார். பஸ்ஸே முன்னால் சரிந்தது. கரும்புத் தோகை கண்ணாடியில் உரச, பஸ் நின்றது. எனக்கு முன்னால் நின்றிருந்தவருக்குக் கம்பி இடித்து உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

பிறகு ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "இத்தினி உசுரு ஏறியிருக்குது, செல்ல நோண்டிக்கினு ஓட்றியே!" என்றது ஒரு குரல். "அப்படி யாருகிட்டய்யா பேசணும் உனுக்கு?" என்றார் உதடு கிழிந்தவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு. யாரிடம் என்பது என் கையில் இருந்தது. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவ்வளவு பேர் அவரைத் திட்டும்போது, என்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

போளூரில் பின்படி வழியாகவே இறங்கிப் போய்விட்டேன். வளையல் போடும்போது இரண்டு வளையலை உடைத்தேன்.

சாயந்திரம் வீட்டில் கேட்டேன். "இன்னைக்கு மணி எங்கேர்ந்து அடிச்சீங்க?"

"போளூர்லேர்ந்துதான்."

"நான் பின்படிகிட்ட நின்னுட்டிருந்தேங்க."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "போளூர்ல வண்டி நிக்கறது ரெண்டே நிமிஷம். ஏறறவன், எறங்கறவன், டைம் கீப்பரு விசிலு. அங்க மறந்துட்டா நீ சாப்பிட மாட்ட. அதான் ஞாபகம் வர்றப்பவே அடிச்சுடறது." பிறகு சின்னப் பிள்ளை மாதிரி, "பேசக் கூடாதுனுதான ஓனரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு? நான் எங்க பேசினேன்?" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. எத்தனை வருஷமாக, சேர்ந்துவிட்டார் என்று நான் நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில், ரோட்டைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! அதுவும் நான் சொல்லிக் கொடுத்த வேலை.

மறுநாளிலிருந்து வண்டி எடுக்கும் முன்னால் அவர் போனை அணைத்துக் கண்டக்டர் பையில் போட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். மணி வருவது நின்றது. என் பயம் நிற்கவில்லை. பதினொன்று ஐந்துக்கு நானே அவர் நம்பருக்குப் போட்டுப் பார்ப்பேன். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொல்லும். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வரும். சில நாள் இரண்டு தடவை கேட்பேன்.

போன வாரம் ஒருநாள் அப்படிப் போட்டபோது அந்தப் பெண் பேசவில்லை. மணி அடித்தது. பதறிப்போய் இரண்டாவது மணியில் துண்டித்தேன். அதற்குப் பிறகு மூன்று மணி வரை நான் என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. டிவியைப் போட்டேன், அணைத்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன்.

மூன்றேகாலுக்கு வந்தார். கை கழுவிக்கொண்டே, "நீ அடிச்சியா?" என்றார். "காலைல அணைக்க மறந்துட்டேன். பையில அடிச்சுது. 'வீட்லேர்ந்துண்ணா'னு கண்டக்டரு நீட்டினான். நான் திரும்பல."

சோறு போட்டேன். பாதி சாப்பாட்டில் நிறுத்திவிட்டு, "வீட்ல இன்னா ஆச்சோ ஏது ஆச்சோனு, வேலூர் வரைக்கும் எனுக்கு ரோடே தெரியல" என்றார்.

மறுநாள் காலை அவர் போனை அணைத்தபோது, என்னுடையதையும் அணைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதையும் அந்தப் பையிலயே போட்டுக்கங்க."