யிட்கா நான்கை ஐந்தாக்காத கதை

செக் நாட்டின் பிர்னோ நகர டிராம் பணிமனையில் யிட்காவுக்குச் சம்பளம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் சம்பளமில்லாத உத்தியோகம். எழுத்தைப் பேச்சாக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது நிரல் தொகுப்பை, பதினெட்டு ஆண்டுகளாகப் பராமரித்துப் பொதிகட்டி அனுப்புகிறாள். பல மென்பொருள்கள் பங்குபோட்டுக்கொள்ளும் பொதுச் சொத்து அது. பெயரின் வாலில் ஓர் எண் இருக்கும். உள்ளிருந்து எதையாவது நீக்கினால் எண்ணை ஏற்றியே ஆகவேண்டும். அப்போதுதான் நான்கும் ஐந்தும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் குடியிருக்கும். பழைய மென்பொருள் நான்கைத் தேடிப் போகும், புதியது ஐந்தை. ஏற்றாதவர்களை யிட்கா மின்னஞ்சல் குழுவில் நார்நாராகக் கிழிப்பாள். அதற்கு ரசிகர்களும் உண்டு.

இந்த வசந்தத்தில் லைப்ரரியை எழுதியவர் பழைய வசதி ஒன்றைத் தூக்கிவிட்டார். எண் மாறினால் பொதியின் பெயர் மாறும். பெயர் மாறினால் பரிசோதனை வரிசையில் ஆறு வாரம். லினக்ஸின் புதிய பதிப்பு பொதிகளை ஏற்பதை நிறுத்தும் கதவடைப்புக்கோ மூன்றே வாரம். அந்த வசதியை யார் சீண்டப்போகிறார்கள் என்று நான்கை நான்காகவே விட்டாள். பதினெட்டு ஆண்டில் முதல் தடவை. அன்று நன்றாகத் தூங்கவும் செய்தாள், வெட்கக்கேடு.

பதினோராம் நாள் மேல்வீட்டு ரதோவான் சுவரைத் தடவியபடி இறங்கிவந்தார். பார்வையில்லாதவர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளை அவருக்குப் போட்டுக்கொடுத்தவளே யிட்காதான். அவள் பொதிகள் அவர் கணினிக்குச் சுடச்சுட வந்துவிடும், குழுவில் அவள் திட்டும் மின்னஞ்சல்களும்.

"மெஷின் ஊமையாயிடுச்சுங்க. பத்து நாளா ஒரு மெயிலும் படிக்க முடியல. ரெண்டு பள்ளிக்கூடம் எனக்கு எழுதிப் பாத்துட்டு வேற ஆளைப் பிடிச்சிருச்சாம், போன்ல சொன்னாங்க. நான்தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"

யிட்கா மாடியேறிப் பார்த்தாள். யாரும் சீண்டாத அந்த வசதியைத்தான் அவருடைய மென்பொருள் தேடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் நம்பிவிடுவார்.

"நீங்க இல்ல. நான்."

பழைய நான்கை அப்படியே திருப்பி வைத்தாள். ஐந்தைப் புதுப் பொதியாக வரிசையில் நிறுத்தினாள். ஐந்துக்குக் கதவடைப்பு தவறியது, அடுத்த பதிப்புக்கு இரண்டு ஆண்டு ஆகும். பொதியோடு போகும் மாற்றக் குறிப்பில் காரணத்தை எழுதி அனுப்பினாள்.

மறுநாள் ரதோவான் அவளை மேலே கூப்பிட்டார். அவளுடைய குறிப்பைக் கணினி உணர்ச்சியற்ற குரலில் வாசித்தது: "எண்ணை ஏற்றாதது தவறு. செய்தவர் பராமரிப்பாளரே."

அவர் அதை இரண்டாம் முறை வாசிக்கவிட்டார்.

"மத்தவங்களை இதைவிட நல்லா திட்டுவீங்களே" என்றார்.