கட்டைவிரல் ரேகையைத் திருப்பித் தந்தவர்

மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் அந்தச் சின்ன மெஷினில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், எதையும் அது ஏற்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் போட்டோவைப் பார்த்தார்.

"பரீட்சை எழுதுனது நீங்கதானாம்மா?"

சகோதர சகோதரிகளே, என் வாழ்க்கையில் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னைக் குத்தியதில்லை. எனக்குப் பதிலாக வேறு யாரோ பரீட்சை எழுதியிருப்பார்களோ என்று அவருக்குச் சந்தேகம். ஆள் மாறாட்டம். நானாவது, ஆள் மாறாட்டமாவது! எனக்குப் பதிலாக ரேஷன் கடை வரிசையில் நிற்கக்கூட ஆள் கிடைக்காது.

என் பெயர் ஸ்டெல்லா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருஷம் பேஸ்டிங் டேபிளில் வேலை பார்த்தேன். வெட்டி வரும் தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்டி, தையலுக்கு அனுப்ப வேண்டும். பிரஷ்ஷை எடுத்து வைக்கும் நேரத்தில் இரண்டு ஜோடி ஒட்டிவிடலாம் என்று நாங்கள் விரலாலேயே தடவுவோம். சாயங்காலம் விரலெல்லாம் பசை காய்ந்து இன்னொரு தோல் மாதிரி நிற்கும். அதைத் தின்னர் நனைத்த துணியால் தேய்த்து எடுப்போம். கல்யாணம், காதுகுத்து, பண்டிகை எதுவானாலும் முதல் நாள் எங்கள் டேபிளில் தின்னருக்கு அடிதடிதான். நான் வாராவாரம் சனிக்கிழமை தேய்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க நீட்டுகிற கை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம்.

அரசாங்க வேலைக்கு நான் போடாத விண்ணப்பம் இல்லை. வாட்ஸ்அப்பில் எந்த அறிவிப்பு வந்தாலும் பிரவுசிங் சென்டரில் போய் நிற்பேன். அதில் பாதி பொய். மீதியில் பாதி தேதி முடிந்துபோனது. மெய்யானதை எழுதினால் நாலு மார்க்கில், ஆறு மார்க்கில் தவறிப்போகும். "உள்ள ஆள் இருக்கு, பேசிக்கலாம்" என்று ஒருவர் வந்தார். எனக்கு உள்ளே இருக்கிற ஆள் ஒருவர்தான், அவர் பரலோகத்தில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அதற்கப்புறம்தான் ரயில்வே அறிவிப்பு வந்தது. தண்டவாளப் பராமரிப்பு வேலை. இந்த முறை வாட்ஸ்அப்பை நம்பாமல், ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே அறிவிப்பை முழுசாகப் படித்தேன். வயது வரம்பை என் வயதோடு ஒத்துப் பார்த்தேன். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த முறை விண்ணப்பப் பக்கம்கூட எனக்குத் திறக்காது.

விண்ணப்பம் போட்டேன். பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று எங்கள் டேபிளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஆனால் அந்த ஒன்றரை மாதமும் உட்கார்ந்து படித்தேன். பரீட்சை ஹாலில் கைரேகை எடுத்தார்கள், ஒரே தடவையில் பதிந்தது. பாஸும் பண்ணினேன். கம்பெனியிலிருந்தும் திரும்பக் கூப்பிட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

அடுத்தது உடல் தகுதித் தேர்வு. இருபது கிலோ மூட்டையைக் கீழே வைக்காமல் நூறு மீட்டர் தூக்கிப் போக வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். காய்ந்து கிடக்கிற பாலாற்று மணலில் தினமும் காலையில் ஓடினேன். என் வீட்டுக்காரர் போனில் நேரம் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார். "மணல்ல ஓடினா ரோட்டுல பறப்ப, ஓடு" என்பார். அவர் மட்டும் ஓட மாட்டார்.

அப்படித் தயாராகிச் சென்னைக்குப் போன இடத்தில்தான், ஓடுவதற்கு முன்னால், அந்த மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது.

பரீட்சை எழுதியது நான்தான் என்று எழுதி வாங்கிக்கொண்டு ஓட விட்டார்கள். ஓடினேன், தூக்கினேன், இரண்டிலும் தேறினேன். ஆனால் அந்த அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார். "சர்டிபிகேட் சரிபார்ப்புல ரேகை ஒத்துப்போகணும்மா. அப்பவும் வரலன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." அதற்கு இரண்டு மாதம் கூட இல்லை.

ரயிலில் வரும்போது விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. பிறக்கும்போதே ஆண்டவர் எழுதிக் கொடுத்ததை எங்கே தொலைத்தேன் என்று தெரியாமல் வாணியம்பாடிக்கார அம்மா ஒருத்தர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் யாரென்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "ஆண்டவரே, என் ரேகையைத் திருப்பித் தாரும்." வேறு எதையும் கேட்கவில்லை.

ஜெபம் மட்டும் பண்ணியிருந்தால் பரவாயில்லை. நான் புத்திசாலி ஆயிற்றே! பசை படிந்து ரேகையை மூடியிருக்கிறது என்று நானாக முடிவு பண்ணினேன். வாராவாரம் தேய்த்த தின்னரைத் தினமும் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்துவிட்டு நேராக ரேஷன் கடைக்குப் போவேன். அங்கேயும் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறதல்லவா, வந்துவிட்டதா என்று சோதனை பார்க்க. கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"இன்னாம்மா, பருப்பு வாங்க வர்றியா, ஜோசியம் பாக்க வர்றியா? உனக்குத்தான் விரல் விழமாட்டேங்குதே. கண்ணக் காட்டி வாங்கிட்டுப் போ."

நாளுக்கு நாள் விரல் இன்னும் வழவழப்பாகிக்கொண்டே போனது. நானும் இன்னும் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனேன்.

சரிபார்ப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது மறுபடியும் அதே கதை. ஆர்டர் இல்லை, பேஸ்டிங் டேபிள் முழுக்க வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, "நான் ரேகை கேட்டேன், நீர் இருந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டீரே, இது நியாயமா?" என்று சத்தமாகவே கேட்டேன். அதோடு ஜெபத்தை நிறுத்தினேன். இரண்டு ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை. ஆலயத்துக்கே போகாதவளுக்குத் தின்னர் எதற்கு? வீட்டு வேலையும் செய்யவில்லை. பாவம், என் வீட்டுக்காரர்தான் பாத்திரம் தேய்த்தார், துணி துவைத்தார். "உன் சண்டை மேல இருக்கறவரோட. தண்டனை எனக்கா?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம். வீட்டில் அரிசி இல்லை. சோதனைக்கு இல்லாமல் நிஜமாகவே அரிசி வாங்க ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நஸ்ரீன் அக்கா. எங்கள் டேபிளில் செக்கிங் பார்ப்பவர், அவரும் என்னோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கண்ணைப் பார்க்கிற மெஷினை எடுக்கத் திரும்பினார். நான் வெறுப்பில் கட்டைவிரலைச் சும்மா வைத்தேன்.

பச்சை விளக்கு.

கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். நான் மெஷினைப் பார்க்கிறேன். நஸ்ரீன் அக்கா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். தோலில் குறை தேடுகிற கண் அல்லவா, கிட்ட வைத்து உற்றுப் பார்த்தார்.

"கோடு வந்திருக்குடி ஸ்டெல்லா! நீ தின்னர் தொட்டு எத்தினி நாளாச்சு?"

"வேல போனதுல இருந்தே தொடலக்கா."

"அதான் பாத்துக்க. பசையும் தின்னரும் சேந்து மேல் தோலத் தின்னுட்டுது. போன தடவ வீட்ல இருந்தப்பதான பரீட்ச எழுதுன? அப்ப விழுந்துச்சா இல்லியா?"

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவை வேலை நின்றதற்குச் சண்டை போட்டேன். அதனால்தான் பரீட்சையில் ரேகை விழுந்தது. இரண்டாம் தடவை வேலை நின்றதற்கு ஜெபத்தையே நிறுத்தினேன். நான் ஜெபம் பண்ணாத அந்த நாட்களிலேயும் அவர் ஒவ்வொரு கோடாக என் விரலில் எழுதிக்கொண்டிருந்தார். ரேஷன் கடை என்றும் பார்க்காமல் "அப்பா, என்னை மன்னியும்" என்று அழுதேன். நஸ்ரீன் அக்காவும் அழுதார். கடைக்காரர் மட்டும், "எழுந்திரும்மா, அந்த மூட்டையத்தான் பிரிக்கணும்" என்றார்.

இதோடு முடியவில்லை. சரிபார்ப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது சூப்பர்வைசரிடமிருந்து போன். "திங்கக்கெழம வந்துரு ஸ்டெல்லா. அவசர ஆர்டர். வரலன்னா பேர எடுத்துருவாங்க, நான் ஒண்ணும் பேச முடியாது."

போனால் மறுபடியும் பசையில் கை வைக்க வேண்டும். போகாவிட்டால் பதினொரு வருஷ இடம் போய்விடும். சரிபார்ப்பில் தேறினாலும் வேலை நிச்சயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்றதுதான்" என்றார். ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். பயம் வரவில்லை. இரண்டு தடவை வேலையை நிறுத்தி எனக்கு வழி பண்ணினவர், மூன்றாவது தடவை நானே நிறுத்தினால் கைவிட்டுவிடுவாரா?

"வர்லண்ணே. என் இடத்த வேற யாருக்காச்சும் குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சரிபார்ப்பு நாளில் பெரிய ஹாலில் நூற்றுக்கணக்கான பேர். என் முறை வந்தது. இந்தத் தடவை ஓர் இளம்பெண் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலை வைத்தேன். முதல் தடவையிலேயே பச்சை. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்தது" என்றார். எனக்கு நடந்த அற்புதத்துக்கு உலகம் கொடுத்த மரியாதை அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு அது போதும், இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷத்தில் சிரிப்பு வருகிறது.

இப்போது ஜோலார்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தில் வேலை. சரளைக் கல், கம்பி, கிரீஸ். வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனாலும் சந்தோஷமாகப் போகிறேன். கம்பெனியில் நஸ்ரீன் அக்கா டேபிள் பெண்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்: கவர்மென்ட் பரீட்சைக்குப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்னாலேயே கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், தின்னரைத் தொடாதீர்கள் என்று. இதை வாசிக்கும் தங்கைகளே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்பை நீங்களே படியுங்கள், தேதிக்கு முன்னால் விண்ணப்பியுங்கள், விரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அவரிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்த மாதிரிப் பதில் வரவில்லையென்றால் என்னைப் போலச் சண்டை போட்டாலும் போடுங்கள், ஆனால் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிறு நன்மை வாங்கப் போனேன். நகக்கண்ணெல்லாம் கிரீஸ், எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. வீட்டில் பழைய தின்னர் பாட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். எங்கள் சபை ஐயர் அப்பத்தை வைக்க வந்தபோது அந்தக் கறுத்த கையை அப்படியே நீட்டினேன். அவர் ஒரு நொடி என் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு அப்பத்தை வைத்தார். அதைச் சுற்றி விரல்களில் என் ரேகைகள் ஒவ்வொன்றிலும் கிரீஸ் படிந்து, எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன.