ஊமை வளைவில் மாமியார் பேசியது

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டில் முதலில் பட்டம் பெற்றவர்களுள் நானும் ஒருவன். அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்து, ஒரு புகாரும் இல்லாமல் ஓய்வு பெற்றேன். நான் சத்தமாகச் சிரித்ததாக அலுவலகத்தில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. பின்வரும் நிகழ்ச்சியைப் பலரும் பலவிதமாகச் சொல்லி வருவதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் நாமக்கல் நூலகத்திற்குச் செல்வது என் வழக்கம். அந்தக் காலைப் பேருந்தில் ஓட்டுநர் பண்பலை வானொலியை வைப்பார். பேருந்து மலையிறங்கும் நேரத்தில் அதில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சி வரும். ஒரு மாமியார், ஒரு மருமகள். மாமியாருக்குக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டுத்தான் வேண்டும். மருமகளுக்குப் போன வாரம் வந்த பாட்டு வேண்டும். இருவரும் சண்டையிடும் இடைவெளியில் மகன் நைசாகத் தன் கல்லூரிக் காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவான். நிகழ்ச்சி முழுவதும் இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் சாலை கொண்டை ஊசி வளைவுகளால் ஆனது. பேருந்து சமவெளியைப் பார்த்துத் திரும்பும்போது வானொலி கணீரென்று ஒலிக்கும். மலையைப் பார்த்துத் திரும்பினால் அறுந்துபோகும். அப்படிப்பட்ட திருப்பங்களுக்கு ஊமை வளைவு என்று பெயர். ஊமை வளைவில் பேருந்து சும்மா இருக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பாட்டு அறுந்தால் பயணிகள் தொடர்ந்து பாட வேண்டும். வானொலி மீண்டும் வரும்போது அதுவும் பயணிகளும் பாட்டின் ஒரே அடியில் இருந்தால் நடத்துநர் நீளமாக ஒரு விசில் கொடுப்பார். சண்டை அறுந்தால், விட்ட இடத்திலிருந்து யாராவது பேச வேண்டும்.

நான் இதில் எப்படிச் சேர்ந்தேன் என்றால், திருத்தம் செய்யப் போய்ச் சேர்ந்தேன். ஒருமுறை நடத்துநர் மாமியாராகப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. எந்த மாமியாரும் அவ்வளவு பணிவாகப் பேசமாட்டார். முறையாக எப்படிப் பேச வேண்டும் என்று ஒரே ஒருமுறை எடுத்துக்காட்டினேன். அதன்பின் அந்தப் பொறுப்பு நிரந்தரமாக என் தலையில் விழுந்தது.

இந்த நிலையில் என் இளைய மகளுக்கு ஒரு வரன் வந்தது. அரியூர் நாட்டைப் பூர்விகமாகக் கொண்டு ராசிபுரத்தில் குடியேறிய, மிகவும் கண்டிப்பான குடும்பம். பையனின் பெற்றோர் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பையனுக்கும் என் மகளுக்கும் முன்பே பிடித்துவிட்டது. பையனின் தாயாரான அந்த அம்மாள் மட்டும், "ஊட்டுக்குப் போயிச் சொல்லியனுப்புறோமுங்க" என்றார். அந்தச் சொல்லுக்கு எந்தப் பொருளும் இருக்கலாம். போதாக்குறைக்கு அவர்களுடைய கார் மலையேறிய களைப்பில் படுத்துவிட்டது. மறுநாள் காலைப் பேருந்தில்தான் அவர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலையே நடத்துநரைத் தேடிப் பிடித்தேன்.

"நாளைக்கு என்னைக் கூப்பிடக் கூடாது. சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்க."

"அப்புறம் மாமியாருக்கு யாருங்க சார் பேசுறது? எனக்கு மீசை இருக்குதுங்க."

"எனக்கும்தான் இருக்குது" என்றேன்.

சனிக்கிழமை, அந்த அம்மாள் எங்களுக்கு முன்னிருக்கையில் அமர்ந்தார். அவர் கணவர் என் பக்கத்தில் அமர்ந்தார். நான் பருவமழையைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டு வந்தேன். முதல் சில ஊமை வளைவுகளில் பாட்டுத்தான் வந்தது. மற்றவர்கள் பாடினார்கள், நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். பிறகு சண்டை தொடங்கியது.

"இந்தப் பாட்டுக்கு என்னங்க அத்தை குறைச்சல்? ஊரே ஆடுதுங்க!" என்றாள் வானொலி மருமகள். பேருந்து திரும்பியது. வானொலி அறுந்தது.

மாமியார் பேச வேண்டிய நேரம். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கூடையில் பலாப்பழம் வைத்திருந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, எல்லாரும் எதுக்குங்க மேல பாக்குறாங்க?" என்றார் என் பக்கத்தில் இருந்த சம்பந்தி.

நடத்துநர் எனக்கு உதவுவதாக நினைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆடுனா ஆடிட்டுப் போகட்டும் கண்ணு, எனக்கென்ன" என்றார்.

முதல் வார்த்தையிலேயே தோற்றுப்போகும் மாமியார்! என்னால் தாங்க முடியவில்லை.

"ஊரு ஆடுதா? யாருடி ஆடுறது? நாங்க கேட்ட பாட்டு ஒண்ணு முடியறதுக்குள்ள ஒரு பானைக் களி வெந்து எறங்கும். உன்ற பாட்டு அடுப்புப் பத்தறதுக்குள்ள செத்துப் போகுது! அதுக்கு ஆட்டம் வேறயா?"

பேசி முடித்தபோதுதான் கவனித்தேன். என் தோளில் இருந்த துண்டு முக்காடாகத் தலைமேல் ஏறியிருந்தது. வானொலி திரும்பி வந்தது. அதில் மாமியார் ஏதோ சொத்தையாகச் சொன்னார். நடத்துநர் பழக்க தோஷத்தில் நீளமாக விசிலடித்தார். பாட்டு இல்லாதபோது வந்த விசில் என்பதால், இறங்க ஆள் இருக்கிறது என்று எண்ணி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பினார்.

"இப்பப் பேசுனது யாருங்க?"

அவருடைய கணவர் என்னைச் சுட்டிக்காட்டவில்லை. ஆனால் என்னை விட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. "வாராவாரம் எங்களுக்கு மாமியாரு இவருதானுங்க. தங்கமான மனுசன்" என்று பலாப்பழப் பெண்மணி எனக்காகப் பரிந்து பேசினார். அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

அம்மாள் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. ஒரு பழைய பாட்டு முழுவதும் ஓடியது. என் மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். துண்டை மடித்து மடித்து, கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுபடியும் சண்டை. "எங்க ஊட்டுக்கு வந்தப்போ ஒரு நல்ல பாட்டாவது கூடக் கொண்டாந்தியாடி?" என்றார் வானொலி மாமியார். ஊமை வளைவு. எல்லோரும் மறுபடியும் கூரையைப் பார்த்தார்கள்.

முன்னிருக்கையிலிருந்து, திரும்பாமலே, ஒரு குரல் வந்தது.

"கொண்டாந்தேனுங்க அத்தை. வாசப்படி வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. நீங்க உள்ளயிருந்து பேசுனது அது காதுல உழுந்துச்சுங்க. அன்னைக்குப் பயந்து ஓடுன பாட்டு, இன்னும் ராசிபுரத்துலதான் நிக்குது!"

பேருந்து சிரிப்பில் அதிர்ந்தது. பலாப்பழம் கூடையை விட்டு உருண்டு வந்து சம்பந்தியின் காலில் மோதி நின்றது. அவர் அதையும் மறந்து மனைவியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியது நான். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"வெரசாச் சொல்லுங்க அத்தை, வளைவு முடியப் போகுதுங்க" என்றார் அந்த அம்மாள்.

வளைவு முடிந்தது. வானொலி வந்துவிட்டது. அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஏனுங்க, புள்ளையோட அப்பா வாங்கிக் கட்டிக்கிட்டும் கோவிச்சுக்காம உக்காந்திருக்காரு. நம்ம ஊட்டுக்கு இந்த மாதிரி மனுசங்கதான் வேணும். பூ வெச்சு நிச்சயம் பண்ண நாளு பாக்கச் சொல்லுங்க."

நான் கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது பொறுமையால் அல்ல. பதில் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். அதை அந்த நேரத்தில் விளக்குவது உசிதமாகப் படவில்லை.

நானும் அடிவாரத்தில் இறங்கி, அவர்களை ராசிபுரம் வண்டியில் ஏற்றிவிட்ட பிறகு, தேநீர்க் கடை வாசலில் எனக்கு அந்தப் பதில் தோன்றியது. மிகச் சிறந்த பதில். ஒரு மருமகள் அதைக் கேட்டால் மூன்று தலைமுறைக்கு வாய் திறக்கமாட்டாள். தாலி கட்டி முடியும்வரை அதை யாரிடமும் சொல்வதாக இல்லை.