ஆளுக்கு ஐந்து மாத்திரை

2004 மாசியில் குவைத்தில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வலங்கைமான் ரெமிஜியஸுக்கும், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த திருவையாற்றுத் துரைராசுவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. டாக்டரைப் பார்க்க ஃபோர்மேனிடம் சீட்டு வாங்க வேண்டும். துரைராசுவுக்குத்தான் கிடைத்தது. நிமோனியா என்று சொல்லிப் பத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நடுங்கியபடி சுருண்டு கிடந்த ரெமிஜியஸைப் பார்த்ததும் துரைராசு அட்டையைச் சரிபாதியாகக் கிழித்தார்.

“ஆளுக்கு அஞ்சு. காய்ச்சல் விட்டாப் போதும்ல.”

காய்ச்சல் விட்டது. இருவரும் வேலைக்குப் போனார்கள். அடுத்த வாரமே இருவருக்கும் திரும்ப வந்தது. மூச்சு வாங்கிச் சாரத்தடியில் விழுந்த ரெமிஜியஸைக் கம்பெனி ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டது. துரைராசுவால் இன்னும் நிற்க முடிந்தது. அதனால் அங்கேயே இருந்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருப்பதாகச் சொல்லி விலாவில் குழாய் செருகினார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டிலில் சீழ் இறங்கியது. அவர் இருமும்போதெல்லாம் அதில் குமிழி கொப்பளித்தது. பதினோராம் நாள் குவைத்திலிருந்து செய்தி வந்தது: கிருமி ரத்தத்தில் கலந்து துரைராசு போய்விட்டார்.

“பத்தையும் அவரே சாப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாரா சார்?”

“பொழைச்சிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது” என்ற டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அன்றிலிருந்து துரைராசுவின் இருமல் கேட்கத் தொடங்கியது. குழாயை எடுத்த பிறகும், வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் முதுகுக்குப் பின்னாலேயே கேட்கும். “யாரும் இல்லீங்க” என்று மனைவி ஜாய்ஸ் விளக்கைப் போட்டுக் காட்டுவாள்.

வைகாசியில், நாலு எட்டு வைத்தால் இரைக்கும் நெஞ்சோடு திருவையாறு போய், துரைராசுவின் மனைவி காளியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“நீங்க கேட்டீங்களா, அவராக் குடுத்தாரா?”

“நான் கேக்கலம்மா. வேணாம்னும் சொல்லல.”

அவள் எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“எம் பொண்ணுக்கு இது தெரிய வேணாம்ணே. இனிமே இங்க வராதீங்க.”

அவர் போகவில்லை. பதினோரு வருடம் கழித்து, அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர் என்று மட்டும் தெரிந்த மகள் செம்மொழியே தேடி வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தாள். மண்டபத்தில் மாப்பிள்ளையிடம், “அப்பாவோட கடைசி வரைக்கும் இருந்தவரு” என்று அவரைக் காட்டினாள். காளியம்மாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். மணமக்கள் இருவரும் அவர் காலில் விழுந்தார்கள். திருநீறு பூச ஒருவர் தட்டை நீட்டினார். முதுகுக்குப் பின்னால் அதே இருமல் கேட்டது. ரெமிஜியஸுக்குக் கை எழவில்லை.