பத்தியம் பலித்த காலை

யுத்தம் இன்னும் முடியாத சமயம். பம்பாய் மாதுங்காவில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நானும் என் கணவரும் மாமியாரும் குடியிருந்தோம். மாடி முழுக்க எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே நீள பால்கனி. வீட்டு விலக்கான பெண்கள் மூன்று நாளும் அதன் கோடியில்தான் பாய் போட்டு உட்கார வேண்டும். ஆகவே யாருக்கு எப்போது என்பது ஊருக்கே தெரியும். எனக்கு வருவது அபூர்வம் என்பதும் தெரியும்.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. விலக்கு மாதக்கணக்கில் தள்ளிப் போகும். உடம்பு பெருத்துக்கொண்டே வந்தது. மோவாயில் முடி வேறு. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். இன்றைக்கு டாக்டர்கள் இதைச் சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டில் யாராவது ஒதுங்கினால், "ஏண்டி, உனக்குத்தான் லீவே கிடையாதே, வந்து ஒரு ரசம் வெச்சுக் குடுத்துட்டுப் போயேன்" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொண்டே போய்ச் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவேன்.

மாமியார் ஊரில் ஒரு பெண் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக எண்ண மாட்டார்கள். என் கணவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: என்னை ஒரு பாலக்காட்டு வைத்தியரிடம் அழைத்துப் போனார்.

வைத்தியர் அரிசி, சர்க்கரை, பால், காப்பி, கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். "முதல்ல மாசாமாசம் ஒழுங்கா வரட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா சேர்த்துப் பார்க்கலாம். குழந்தையெல்லாம் அதுக்கப்புறம்" என்றார். ரேஷனில் கம்பு போடுவார்கள். எங்கள் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள். எனக்கு அதுதான் சாப்பாடு. எதிர் வீட்டு மராட்டிக்கார அக்கா கம்பு மாவில் பாக்ரி என்கிற ரொட்டி தட்டச் சொல்லிக் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் பாயசம் கிண்டிக் கொடுத்துவிட்டு, வறட்டு ரொட்டியை மென்று தண்ணீர் குடிப்பேன். காப்பி வாசனை வரும்போதெல்லாம் உயிர் போகும். ஆனாலும் விடவில்லை. அந்தப் பெண் ஊரிலேயே இருக்கட்டும் என்றுதானே அத்தனையும்!

மாதங்கள் போயின. ஒருநாள் அடுத்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது குமட்டியது; தலை சுற்றிக் கீழே விழுந்தேன். வெறும் வயிறு, வேறென்ன? ஆனால் மாடிக்கே தெரிந்த கணக்கு வேறு. பால்கனியில் உட்கார்ந்து எத்தனை மாதம் ஆச்சு, சோறு வேண்டாம் என்கிறாள், வாந்தி, மயக்கம்! "எனக்கு இப்படித் தள்ளிப் போறது வழக்கந்தானே" என்று சொல்லிப் பார்த்தேன். மாமியார் என் வாயைப் பொத்தினார். "அபசகுனமாப் பேசாதே. அந்தக் கம்புக் கண்றாவியெல்லாம் இனிமே வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வீடு ரேஷன் சர்க்கரையில் ஒரு பிடி கொடுத்தார்கள். திரட்டுப்பால் கிண்டி, மாமியாரே என் வாயில் ஊட்டினார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததேயில்லை. எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது, நம்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் விடியாததுமாக, வந்துவிட்டது. எதற்காக அத்தனை நாள் வாயைக் கட்டினேனோ, அது.

பாயை எடுத்துக்கொண்டு கோடியில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருத்தி எட்டிப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். "வயத்துல இருந்ததைப் பட்டினி போட்டே கலைச்சுட்டாளே பாவி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எதிர் வீட்டு அக்கா மட்டும் வந்து, தீட்டு என்று பார்க்காமல் என் முதுகில் கை வைத்தாள். அவர்கள் வீட்டிலும் அந்த ஆசாரம் உண்டு. அழாதே என்று மராட்டியில் சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

சாயங்காலம் என் கணவர் வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார். "கர்ப்பம்னு உங்களுக்கு யார் சொன்னா? பத்தியம் பலிச்சிருக்கு, ரொம்ப நல்ல சமாச்சாரம், விடாம இருக்கச் சொல்லுங்கோ" என்றாராம். மாமியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பத்தியம் அன்றோடு முடிந்தது. மூன்று வேளையும் எதிரில் உட்கார்ந்து சோறு போட்டார். அடுத்த மாதமும் எனக்குச் சரியாக வந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு பழையபடி நின்றுபோனது.

தை பிறந்ததும் ஊரிலிருந்து அந்தப் பெண் வந்தாள். நல்ல பெண், அவளை ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் பால்கனியில் உட்கார்ந்த நாட்களிலெல்லாம் நான்தான் சமைத்துப் போட்டேன். அவள் பெற்ற குழந்தைகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தார்கள்.

இப்போது அந்தக் குழந்தைகளில் ஒருவரின் பெண்ணுக்கே, அதே நீர்க்கட்டிக்காக, டாக்டர் சோற்றையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். போன வாரம் அவள், "பெரிய பாட்டி, எனக்கு வந்துடுத்து!" என்று குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பத்தியம் பலித்து என் உடம்பு எனக்காகப் பேசிய அந்த ஒரு காலையில் சந்தோஷப்பட அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட.